நாற்பத்து மூன்று சுரங்கள்

நுழையும்முன்

ஆர்மோனியத்தின் அருகருகே உள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஓசை எதுவும் இல்லையா? பாடும் குரலும் பேசும் குரலும் அந்த இடைவெளியில் தங்குதடையின்றி உலவுகின்றன. கட்டைகளால் மட்டும் அங்குச் செல்ல முடிவதில்லை. அவ்விடைவெளிக்குள் புகுந்து, ஒரு ஸ்தாயியில் நாற்பத்து மூன்று சுரங்களை அமைத்து, அவற்றை இசைப்பதற்கான கருவிகளையும் தம் கைகளாலேயே செய்துகொண்ட அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச். அவர் வகுத்த சுர அடுக்கின் கணக்கையும் அதற்காக அவர் கொடுத்த விலையையும் இப்பாடம் விளக்குகிறது.

எரிந்த பதினான்கு ஆண்டுகள்

1930ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், முப்பது வயதைக்கூட எட்டாத ஓர் இளைஞர் தாம் இயற்றிய இசைப்படிகளை எல்லாம் திரட்டி, அறையிலிருந்த இரும்புக் கணப்படுப்பில் இட்டுக் கொளுத்தினார். நரம்பிசைக் கருவிகளுக்கான நால்வர் இசை, பியானோவுக்கான பெரும்படைப்பு, பாடல்கள் எனப் பதினான்கு ஆண்டுகளின் உழைப்பு அன்று சாம்பலாயிற்று. அவர் கசப்பினாலோ தோல்வியினாலோ அதனைச் செய்யவில்லை. அவ்விசை பெரும்பாலும் பியானோவின் பன்னிரண்டு சுரங்களுக்காக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டும் உண்மையான சுரங்கள் அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

ஹாரி பார்ட்ச் 1901ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் சமயப்பணி ஆற்றித் தாயகம் திரும்பியவர்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய வறண்ட நிலப்பகுதிகளின் சிற்றூர்களில் அவர் வளர்ந்தார். தாய் பாடிய சீனப் பாடல்களும் அப்பகுதித் தொல்குடியினரின் பாடல்களும் அவர் காதில் விழுந்தன. இளமையில் பேசாத் திரைப்படங்களுக்குப் பியானோ வாசித்தார். அச்சுப்பிழை திருத்துநராகவும் பணியாற்றினார். 1923ஆம் ஆண்டு சாக்ரமெண்டோ நகரப் பொதுநூலகத்தில் ஒரு நூல் அவர் கைக்குக் கிட்டியது. செருமானிய அறிவியலறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வைப் பற்றி எழுதிய ஆய்வு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. இசை வகுப்புகளில் எவரும் சொல்லித்தராத ஒன்றை அவர் அந்நூலில் கண்டார். சுரம் என்பது எண்களுக்கு இடையே உள்ள உறவு என்பதே அது.

நரம்பு சொல்லும் கணக்கு

இழுத்துக் கட்டிய ஒரு நரம்பை முழுநீளத்தில் மீட்டினால் எழும் ஒலியை அடிப்படைச் சுரமாகக் கொள்வோம். தமிழிசை மரபில் அது குரல். அதே நரம்பைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதிர்வுகள் இருமடங்காகின்றன. மேல்ஸ்தாயிக் குரல் பிறக்கிறது. நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை அதிரச்செய்தால் இளி எனப்படும் பஞ்சமம் தோன்றுகிறது. குரலுக்கும் அதற்கும் உள்ள அதிர்வு விகிதம் 3/2. நான்கில் மூன்று பங்கு 4/3 என்னும் உழையைத் தருகிறது. ஐந்தில் நான்கு பங்கு 5/4 என்னும் அந்தர காந்தாரத்தைத் தருகிறது. எண்கள் சிறியனவாக இருக்கும்போது இரண்டு ஒலிகளின் அதிர்வுகளும் அடிக்கடி ஒன்றுகூடுகின்றன. செவி அதனை இணக்கம் என உணர்கிறது.

நன்கு சுருதி சேர்ந்த தம்பூராவின் முன் அமைதியாக அமர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அதன் நரம்புகளில் எதுவும் காந்தாரத்திற்குச் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும், மந்தர நரம்பு ஒலிக்கையில் அதன் ஐந்தாம் மேலொலியாகிய காந்தாரம் தானாகவே எழுந்து காற்றில் நிற்கும். மனிதர் வைத்த சுரமன்று அது. நரம்பின் இயல்பிலேயே உள்ள சுரம். இவ்வாறு சிறு முழுவெண்களின் விகிதங்களால் சுரங்களை நிறுத்தும் முறையைத் தூய விகிதச் சுருதிமுறை எனலாம்.

அவ்வாறாயின் பியானோ ஏன் அந்த விகிதங்களில் அமைக்கப்படவில்லை? அதற்குத் தக்க காரணம் உண்டு. குரலிலிருந்து தொடங்கிப் பஞ்சமத்திற்குப் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால், தொடங்கிய சுரத்திற்கே ஏழு ஸ்தாயி மேலே போய்ச் சேர வேண்டும். கணக்கோ சற்று மீறுகிறது. 3/2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வருகிறது. வட்டம் மூடுவதில்லை. கட்டைகள் நிலையாகப் பொருத்தப்பட்ட கருவியில், எந்தக் கட்டையிலிருந்தும் தொடங்கி இசைக்க விரும்பிய ஐரோப்பியர், அந்தச் சிறு மிகுதியைப் பன்னிரண்டு இடங்களுக்கும் பகிர்ந்து மறைத்தனர். ஸ்தாயி பன்னிரண்டு சமபாகம் ஆயிற்று. எந்தச் சுரத்தையும் அடிப்படையாகக் கொள்ளும் உரிமை கிடைத்தது. ஸ்தாயியைத் தவிர எந்த உறவும் முழுத்தூய்மையுடன் எஞ்சவில்லை.

இழப்பின் அளவையும் காணலாம். ஹெல்ம்ஹோல்ட்சின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த அலெக்சாண்டர் எல்லிஸ், ஒரு ஸ்தாயியை 1200 நுண்பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 'சென்ட்' என அழைத்தார். பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி 100 சென்ட். தூய பஞ்சமம் 702 சென்ட். பியானோவின் பஞ்சமம் 700. இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். தூய காந்தாரம் 386. பியானோவின் காந்தாரம் 400. பதினான்கு சென்ட் பிழையைப் பழகிய செவி நன்கு உணரும். ஏழாம் எண்ணிலிருந்து பிறக்கும் 7/4 என்னும் சுரம் 969 சென்டில் நிற்கிறது. அதற்கு மிக அருகிலுள்ள கட்டையோ 31 சென்ட் தள்ளி நிற்கிறது. பதினொன்றிலிருந்து பிறக்கும் 11/8 என்பது 551 சென்ட். 500இலும் 600இலும் உள்ள இரண்டு கட்டைகளுக்கு ஏறத்தாழ நட்டநடுவே, அமர இருக்கையின்றி அது நிற்கிறது.

பன்னிரு சமபாகமுறை மேலைநாட்டிற்குப் பெரும் இசைச்செல்வத்தைத் தந்தது என்பதை மறுக்க இயலாது. பார்ட்ச் அதனை வெறும் பிழையாகவே கண்டது சற்றுக் கடுமையான தீர்ப்பு. எனினும், அம்முறை ஒரு சமரசம் என்பதையே மறந்து, அதுவே இயற்கை எனக் கற்பித்துவந்த காலத்தில், அக்கடுமை இல்லாமல் வேறொரு வழி திறந்திருக்காது.

வைரக் கட்டம்

பார்ட்ச் 1, 3, 5, 7, 9, 11 என்னும் ஆறு எண்களை எடுத்துக்கொண்டார். இரட்டைப்படை எண்களை மட்டும் கொள்வதற்குக் காரணம் எளிது: இரண்டால் பெருக்குவது சுரத்தை மாற்றுவதில்லை, ஸ்தாயியை மட்டுமே மாற்றுகிறது. ஆறு எண்களையும் மேல்வரிசையில் ஒருமுறையும் பக்கவரிசையில் ஒருமுறையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் மேலெண்ணைப் பக்கவெண்ணால் வகுத்தால் முப்பத்தாறு விகிதங்கள் கிடைக்கும். அவற்றை ஒரே ஸ்தாயிக்குள் அடங்குமாறு இரட்டித்தோ பாதியாக்கியோ கொள்ள வேண்டும். இச்சதுரத்தை ஒரு முனையில் நிறுத்தினால் வைர வடிவம் பெறும். நடுக்கோட்டில் உள்ள ஆறு கட்டங்களும் 1/1 என்னும் குரலே. 1/3உம் 3/9உம் ஒன்று. 3/1உம் 9/3உம் ஒன்று. இத்தகைய மீள்வரவுகளை நீக்கினால் இருபத்தொன்பது தனிச்சுரங்கள் எஞ்சுகின்றன.

இக்கட்டத்தின் அழகு எண்ணிக்கையில் இல்லை. ஒரு சாய்வில் செல்லும் ஆறு சுரங்களும் ஒரே கீழெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் அடிப்படை ஒலியின் மேலொலிகளைப் போல அவை ஒன்றாக இசைகின்றன. மறுசாய்வில் செல்லும் ஆறும் ஒரே மேலெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. அவை முன்னதன் கண்ணாடி நிழல். ஒவ்வொரு சுரமும் இவ்விரு வகைக் குடும்பங்களிலும் உறவுடையது. பிறந்த வீடும் புகுந்த வீடும் போல, ஒரே சுரம் இங்கு ஒரு முகமும் அங்கு வேறொரு முகமும் காட்டுகிறது. ஒரு குடும்பத்திலிருந்து மற்றொன்றுக்கு இசை நகர்வதற்கு அப்பொதுச்சுரமே வாயில்.

ஆயினும், இருபத்தொன்பது சுரங்களும் சீராகப் பரவியிருக்கவில்லை. குரலுக்கு அடுத்த சுரம் 12/11. இடையே 151 சென்ட் வெற்றிடம். பியானோவின் இடைவெளியைவிட இது பெரிது. ஆகவே, ஏற்கெனவே உள்ள விகிதங்களை ஒன்றோடொன்று பெருக்கிப் பெற்ற 81/80, 33/32, 21/20, 16/15 ஆகிய நான்கையும் அங்கு அமைத்தார். ஸ்தாயியின் மேல்முனையில் அவற்றின் நிழலாக நான்கு, நடுவே ஆறு. ஆகப் பதினான்கு சுரங்கள் கூடின. இருபத்தொன்பதும் பதினான்கும் நாற்பத்து மூன்று. இந்த ஏணியின் படிகள் சம உயரம் உடையன அல்ல. மிகக் குறுகிய படி 14 சென்ட். மிக அகன்ற படி 39 சென்ட். குரலை அவர் நொடிக்கு 392 அதிர்வுகளில் நிறுத்தினார். எனவே, பஞ்சமம் 588 அதிர்வுகளிலும் காந்தாரம் 490 அதிர்வுகளிலும் பதினொன்றின் சுரமாகிய 11/8 சரியாக 539 அதிர்வுகளிலும் நின்றன. இம்மூன்றும் முழுவெண்கள்.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழ் இசைமரபு ஒரு ஸ்தாயியை 22 அலகுகளாகக் கொண்டு, அவற்றைக் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனப் பகிர்ந்தளித்தது. இருபத்திரண்டு அலகுகளையும் வரிசையாக எவரும் பாடுவதில்லை. வேண்டிய சுரத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கே அவை பயன்படுகின்றன. பார்ட்சின் நாற்பத்து மூன்றும் அத்தகையதே. அது பாடுவதற்கான ஆரோகணம் அன்று, தேர்ந்தெடுப்பதற்கான சுரக்களஞ்சியம்.

பேச்சைத் தேடிய இசை

இவ்வளவு நுட்பமான அடுக்கு எதற்கு? கணிதத்தின் மீதுள்ள காதலால் என்று எண்ணுவோர் பலர். பார்ட்ச் அதனை விரும்பவில்லை. தம்மை நாற்பத்து மூன்று என்னும் எண்ணோடு மட்டும் பிணைத்துப் பேசியதில் அவருக்கு மனக்குறை இருந்தது. அவர் தேடியது பேச்சு.

ஒருவர் 'வா' என்று அழைப்பதை உற்றுக்கேட்டால், அச்சொல் ஒரே சுரத்தில் நிற்பதில்லை என்பது புலப்படும். அது ஏறி, வழுக்கி, இறங்குகிறது. அன்பும் சினமும் ஐயமும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வேறுபடுகின்றன. மேலைநாட்டு இசைநாடகம் சொற்களைப் பன்னிரண்டு கட்டைகளுக்குள் இழுத்து நீட்டியபோது, பேச்சின் உயிர் போய்விடுகிறது என்று பார்ட்ச் கருதினார். சொல் கெடாமல் இசை அதனைத் தாங்க வேண்டுமாயின், குரல் இயல்பாகத் தொடும் நுண்சுரங்களைக் கருவியும் தொட வேண்டும். எனவே, வயோலா ஒன்றில் செல்லோவின் நீண்ட விரற்பலகையைப் பொருத்தி, விகிதங்களுக்குரிய இடங்களை அதில் குறித்துக்கொண்டார். அக்கருவியின் துணையோடு, சீனக் கவிஞர் லி போவின் கவிதைகளை மொழிபெயர்ப்பில் இசையமைத்துப் பாடினார்.

1934ஆம் ஆண்டு கிடைத்த நல்கையின் உதவியால் இங்கிலாந்து சென்று, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பழைய இசைநூல்களை ஆராய்ந்தார். அங்கிருந்து டப்ளினுக்குச் சென்று கவிஞர் வில்லியம் பட்லர் யேட்சைச் சந்தித்தார். கவிதை தன் சொல்லோசை கெடாமல் இசையாக வேண்டும் என்பது யேட்சின் நெடுநாள் விருப்பம். அவர் பெயர்த்த 'ஈடிபசு மன்னன்' நாடகத்தை இசைப்படைப்பாக்கும் திட்டத்தைப் பார்ட்ச் அவரிடம் விளக்கினார்; யேட்சும் ஆதரவு தந்தார். நாடகம் அரங்கேறியதோ 1952இல். யேட்சு மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அவரது படைப்புரிமையைக் காத்தவர்கள் ஒலிப்பதிவை வெளியிட இசையவில்லை. பார்ட்ச் உரைப்பகுதியை வேறாக அமைத்து, இசையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலிருந்து 1935இல் அவர் திரும்பியபோது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. வேலை இல்லை, தங்க இடமும் இல்லை. சரக்குத் தொடர்வண்டிகளில் ஏறியும், பழம் பறிக்கும் கூலிவேலை செய்தும், பாலங்களின் கீழே உறங்கியும் நாடோடிகளுள் ஒருவராக அலைந்தார். அப்போதும் குறிப்பேடு கையில் இருந்தது. உடன் அலைந்தவர்களின் பேச்சை, அதன் ஏற்ற இறக்கத்தோடு இசைக்குறியீடுகளாக அதில் எழுதிவந்தார்.

1940ஆம் ஆண்டு, கலிபோர்னியப் பாலைநிலத்தின் பார்ஸ்டோ என்னும் ஊரருகே, நெடுஞ்சாலைக் கைப்பிடியில் வழிப்போக்கர்கள் கிறுக்கிய வரிகளைக் கண்டார். ஊர்திகளில் இடம் கேட்டு மணிக்கணக்கில் காத்துநின்றோர் எழுதியவை அவை. குளிரில் விறைத்தபடி வீடு திரும்பும் பத்தொன்பது வயது இளைஞர் தம் உயரத்தையும் கண்ணின் நிறத்தையும் குறித்திருந்தார். எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டினால் எளிதாக உணவு கிடைக்கும் என்று பின்வருவோருக்குச் சொல்லியிருந்தார் மற்றொருவர். அவற்றுள் எட்டுக் குறிப்புகளைத் தெரிந்தெடுத்து, குரலுக்கும் தாம் மாற்றியமைத்த கிதாருக்கும் உரிய படைப்பாக 1941இல் 'பார்ஸ்டோ' என்னும் பெயரில் அமைத்தார். நாற்பத்து மூன்று சுரங்கள் யாருக்காக என்ற வினாவிற்கு இதனினும் நேரான விடை அவர் படைப்புகளில் இல்லை. சாலையோரத்தில் பசித்து நின்றவரின் குரல், அதன் நடுக்கத்தோடும் நகைப்போடும், திருத்தப்படாமல் அரங்கிற்கு வந்தது.

கருவிகள்

சுரங்கள் இருந்தன, அவற்றை ஒலிக்கும் கருவிகள் உலகில் எங்கும் இல்லை. பார்ட்ச் தம்மைத் தச்சுவேலையில் ஈர்க்கப்பட்டுவிட்ட தத்துவ இசைஞராகவே கருதினார்.

காலால் காற்றடிக்கும் பழைய ரீட் ஆர்கன் ஒன்றை வாங்கி, அதன் உலோக நாக்குகளை விகிதங்களுக்கேற்பச் சுருதி மாற்றினார். வழக்கமாகப் பன்னிரண்டு கட்டைகளில் முடியும் ஸ்தாயி இதில் நாற்பத்து மூன்று கட்டைகளுக்கு நீண்டது. விரித்த கை முன்பு ஒரு ஸ்தாயியை அளந்தது. இப்போது அதன் மூன்றில் ஒரு பங்கைக்கூட அளக்கவில்லை. எந்தக் கட்டை எந்த எண்ணின் உறவு என்பதைக் காட்ட வண்ணங்களைத் தீட்டினார். குரோமெலோடியன் என்பது அதன் பெயர்.

பழங்கிரேக்கக் கலயங்களில் தீட்டப்பட்ட யாழை ஒத்து 72 நரம்புகள் கொண்ட கித்தாராவைச் செய்தார். வைரக் கட்டத்தையே மரத்தில் வடித்தது வைர மரிம்பா: முப்பத்தாறு மரத்தகடுகள், அவற்றின் கீழே ஒலி பெருக்கும் மூங்கிற்குழாய்கள். கையிலுள்ள கோலைச் சாய்வாக இழுத்தால் ஒரு குடும்பத்தின் ஆறு சுரங்களும் வரிசையாக உதிரும். காகிதத்தில் வகுத்த கணக்கு கையசைவாக மாறிய இடம் இது. மரிம்பா எரோய்க்காவில் நான்கே தகடுகள். அவற்றுள் மிகப்பெரியது நொடிக்கு ஏறத்தாழ 22 முறையே அதிர்வதால், அவ்வொலியைக் காது கேட்பதற்கு முன்பே உடல் உணர்ந்துவிடும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கதிரியக்க ஆய்வகத்தில் பயன்பட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்து, அவற்றின் பாகங்களைச் சட்டத்தில் தொங்கவிட்டு ஒரு கருவி அமைத்தார். அதற்கு 'முகிலறைக் கிண்ணங்கள்' எனப் பெயரிட்டார். விளிம்பில் மென்மையாகத் தட்டினால் மணியோசை போல ஒலி பரவும். பீரங்கிக் குண்டுகளின் வெற்று உறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'போர்க்கொள்ளை' என்னும் கருவியில் அவை தாளம் தந்தன.

தம் கொள்கைகளையும் கணக்குகளையும் கருவிகளின் அமைப்பையும் தொகுத்து அவர் எழுதிய 'ஓர் இசையின் தோற்றம்' என்னும் நூலை விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1949இல் வெளியிட்டது. ஆயினும், எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நிலையான இடம் வாய்க்கவில்லை. கைவிடப்பட்ட கட்டடங்களிலும் கொட்டகைகளிலும் பட்டறை அமைத்தார். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பெருகிவந்த மரமும் கண்ணாடியும் மூங்கிலும் அவருடன் பயணம் செய்தன.

ஒரு சுர அடுக்கின் விலை

பார்ட்சின் வழியில் ஒரு பெருந்தடை உண்டு. ஓர் இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதினால், பியானோ உள்ள ஊரிலெல்லாம் அவ்விசை ஒலிக்கும். பார்ட்சின் இசையோ அவருடைய கருவிகள் இருக்கும் ஒரே இடத்தில் மட்டும் ஒலித்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியீட்டு முறை. ஓரிடத்தில் எண், ஓரிடத்தில் வண்ணம், ஓரிடத்தில் விகிதம். பழகிய இசைஞர் ஒருவர் இசைப்படியைப் பார்த்தாலும் என்ன ஒலிக்கும் என்று கூற இயலாது. தொடக்கநிலை மாணவரைப் போல அமர்ந்து கற்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உடைந்தால் அதே சுரத்தில் மற்றொன்று கிடைப்பது அரிது. எல்லா ஊருக்கும் பொதுவாக ஒத்துப்போகும் சுரங்களை மறுத்தவர், எங்கும் செல்லும் உரிமையையும் இழந்தார். இவ்விழப்பை அவர் அறியாதவர் அல்லர். அவரைப் பின்பற்றியோருள் பென் ஜான்ஸ்டன் வேறு வழியைத் தேர்ந்தார். பார்ட்சிடம் பயின்ற அவர், தூய விகிதங்களை வயலின் போன்ற வழக்கமான கருவிகளே இசைக்குமாறு புதிய குறியீடுகளை வகுத்தார். வயலினில் கட்டைகள் இல்லை. விரல் எங்கு நின்றாலும் அங்குச் சுரம் உண்டு.

பார்ட்சின் இறுதிப் பெரும்படைப்பாகிய 'சீற்றத்தின் மயக்கம்' சப்பானிய நோ நாடகத்தையும் ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதையையும் தழுவியது. 1969ஆம் ஆண்டு சனவரியில் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அது அரங்கேறியது. கருவிகள் திரைமறைவில் ஒதுங்கவில்லை. மேடையின் காட்சியமைப்பே அவைதாம். இசைஞர்கள் உடையணிந்து, அசைந்து, பாடி, நடிப்பின் பகுதியாயினர். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சான் டியாகோவில் பார்ட்ச் காலமானார்.

அவருடைய கருவிகள் நியூ செர்சியில் உள்ள மாண்ட்கிளேர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்து, 2014இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. இதற்கிடையே, செருமனியின் கொலோன் நகரைச் சேர்ந்த மியூசிக்ஃபாப்ரிக் இசைக்குழுவினர் அக்கருவிகளின் படிகளை முழுத் தொகுதியாகச் செய்வித்தனர். மரம், மூங்கில், கண்ணாடி எனப் பொருள்களைத் தேடி, ஒவ்வொரு தகட்டையும் கிண்ணத்தையும் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சுருதி சேர்த்து, இசைஞர்கள் அவற்றை முதலிலிருந்து பயின்றனர். 2013ஆம் ஆண்டு, போகும் நகரில் முன்பு தொழிற்கூடமாக இருந்த பெருமண்டபத்தில், 'சீற்றத்தின் மயக்கம்' அக்கருவிகளில் ஒலித்தது. பார்ட்ச் தொட்டுப் பார்த்திராத மரத்திலும் கண்ணாடியிலும், அவர் கணக்கிட்ட இடங்களிலேயே, நாற்பத்து மூன்று சுரங்களும் நின்றன.